படம் பார்த்துக் கதை சொல்வோம்

பாட்டி வடை சுட்ட கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை உண்டோ? பாட்டி, காகம், நரி, வடை ஆகிய நான்கும் நம் அனைவருடைய நெஞ்சிலும் இன்றுவரை அழியாமல் நிற்கின்றன. ஆனால் "ஒரு கதையின் உறுப்புகள் யாவை? விளக்குக" என்று வினாத்தாளில் கேட்டுவிட்டால் போதும், நம்மில் பலர் பேனாவைக் கடிக்கத் தொடங்கிவிடுகிறோம்! மூன்று வயதிலேயே நமக்குத் தெரிந்த ஒன்று, பதினைந்து வயதில் தெரியாமற் போவது ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் வாய்ப்பு எனக்கு இவ்வாண்டு கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில், பத்தாம் வகுப்பு மாணவியர் நாங்கள் நால்வர், முதல் வகுப்புத் தங்கைகளுக்குப் படக்கதை நூல்களை வாசித்துக் காட்டும்படி பணிக்கப்பட்டோம். கற்பிக்கச் சென்ற நாங்கள் கற்றுக்கொண்டு திரும்பினோம் என்பதே உண்மை. அவ்வாறு கற்றவற்றை நம் பள்ளி மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சுவரிலே ஒரு கதை

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நாம் சிலுவைப்பாதை செய்கிறோம். ஆலயச் சுவர்களில் பதினான்கு படங்கள். இந்தப் பதினான்கு என்னும் எண்ணிக்கையை 1731ஆம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெண்ட் உறுதி செய்தார். புத்தகம் வாங்க இயலாதவர்களும், எழுத்தறியாதவர்களும் ஆண்டவரின் பாடுகளை இந்தப் படங்களைக் கொண்டே அறிந்தார்கள். எண்ணிப் பார்த்தால், ஆலயம் முழுவதுமே ஒரு பெரிய படநூல்; நாம் நடந்து நடந்து அதன் பக்கங்களைப் புரட்டுகிறோம்.

சென்ற தவக்காலத்தில் என் அருகே ஒரு சின்னஞ்சிறு பெண் நின்றிருந்தாள். அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. மூன்றாம் நிலையில் "உளுந்துட்டாருங்க்கா" என்றாள். நான்காம் நிலையில் "அவிய அம்மா வந்துட்டாங்க" என்றாள். ஏழாம் நிலையில் "மறுக்காவும் உளுந்துட்டாரு" என்று முகம் வாடினாள். பதினான்காம் நிலையில் கல்லறையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்து, "அப்புறம் என்னாச்சுங்க்கா?" என்று கேட்டாள்.

கதைமாந்தர் யார், எங்கே நடக்கிறது, என்ன துன்பம் வந்தது, யார் உதவினார்கள் என்பனவற்றை அவள் படத்திலிருந்தே எடுத்துக்கொண்டாள். அதுமட்டுமன்று, கதை இன்னும் முடியவில்லை என்பதையும் உணர்ந்துகொண்டாள்! உயிர்ப்புப் பெருவிழா வரும்வரை அவள் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. கதையின் உறுப்புகளை நாம் குழந்தைக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை. அவை அவளிடமே இருக்கின்றன. அவற்றுக்குப் பெயரும் ஒழுங்கும் கொடுப்பதே நம் வேலை என்பதை அன்று உணர்ந்தேன்.

படமும் கதையும் சேர்ந்த வரலாறு

குழந்தைகளுக்கென்றே படங்களோடு அச்சிடப்பெற்ற நூல்களுள் முன்னோடியாகப் போற்றப்படுவது, கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் வெளியிட்ட நூலாகும். கண்ணால் காணும் உலகத்தைப் படங்களில் காட்டுவது என்பது அதன் பெயரின் பொருள். மேலே படம், கீழே இலத்தீனிலும் ஜெர்மானிய மொழியிலும் விளக்கம் என அமைந்த அந்நூல், "முதலில் காட்டு, பிறகு சொல்" என்ற நெறியை உலகுக்கு அளித்தது.

நம் தமிழுக்கும் இதில் பங்குண்டு. இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழகம் வந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரை நாம் நன்கு அறிவோம். அயல்நாட்டிலிருந்து வரும் குருமார் பேச்சுத் தமிழைப் பழகுவதற்காக அவர் எழுதிய நகைச்சுவைக் கதையே 'பரமார்த்த குருவின் கதை'. அது 1822இல் பாபிங்டன் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சாயிற்று. பின்பு 1861இல் ஆல்பிரட் குரோகுவில் என்னும் ஓவியர் வரைந்த ஐம்பது படங்களோடு ஆங்கிலத்தில் மீண்டும் வெளிவந்தது. தமிழ் மண்ணில் எழுதப்பட்ட மட்டியும் மடையனும் இலண்டன் மாநகரில் படமாகிச் சிரிப்பூட்டினார்கள் என்பது நமக்குப் பெருமை அன்றோ!

இன்னும் அருகில் வருவோம். நம் பகுதியிலுள்ள ஓலப்பாளையத்தில், 1965ஆம் ஆண்டு, பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் ஆய்வாளர் தங்கியிருந்து, உடுக்கையடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் ஒலிநாடாவில் பதிவு செய்தார். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி ஆகியோரின் அக்கதை, பின்னாளில் இருபத்தாறு பகுதிகள் கொண்ட அசையும் சித்திரப் படமாகவும், படக்கதை நூல்களாகவும் உருப்பெற்றது. நம் பாட்டன்மார் திண்ணையில் அமர்ந்து கேட்ட கதையை இன்று குழந்தைகள் படமாகக் காண்கிறார்கள். ஆக, கதை கேட்பதும் படம் பார்ப்பதும் கொங்கு மண்ணுக்குப் புதியவை அல்ல. இரண்டையும் வகுப்பறைக்குள் ஒன்றாகக் கொண்டுவருவதுதான் இங்கே பேசப்படும் பொருள்.

ஐந்து விரல், ஐந்து உறுப்பு

முதல் வெள்ளிக்கிழமை நான் செய்த பிழையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கரும்பலகையில் 'கதைமாந்தர், கதைக்களம், சிக்கல், நிகழ்ச்சிகள், முடிவு' என்று அழகாக எழுதினேன். குழந்தைகள் அதை வாய்ப்பாடு போல மூன்று முறை உரக்கச் சொன்னார்கள். பெருமையோடு ஒரு கதையைச் சொல்லி முடித்து, "இந்தக் கதையில் யார் யார் வந்தார்கள்?" என்று கேட்டேன். ஒரு சிறுமி துள்ளி எழுந்து, "கதைமாந்தர் வந்தாருங்க்கா!" என்றாள். வகுப்பே கைதட்டியது. என் முகத்தில்தான் ஈயாடவில்லை.

அருட்சகோதரி ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "பெயரை முதலில் கொடுக்காதே, கேள்வியைக் கொடு" என்று ஐந்து விரல் முறையைக் கற்றுத் தந்தார். அது வருமாறு:

பெருவிரல் - யார்? (கதைமாந்தர்)
ஆள்காட்டி விரல் - எங்கே, எப்போது? (களமும் காலமும்)
நடுவிரல் - என்ன சிக்கல்?
மோதிர விரல் - என்ன செய்தார்கள்? (நிகழ்ச்சிகள்)
சுண்டுவிரல் - எப்படி முடிந்தது?

ஐந்து விரலையும் மடக்கினால் கதை முழுவதும் நம் கைக்குள்! நடுவிரல்தான் நீளமானது, சிக்கல்தான் கதையின் உயரமான இடம். சிக்கல் இல்லையேல் கதை இல்லை. "ஒரு ஊரில் ஒரு ராணி இருந்தாள், அவள் நன்றாக இருந்தாள்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் குழந்தையும் "அப்புறம்?" என்று கேட்கமாட்டாள்.

படநூலில் இந்த ஐந்தும் எங்கே கிடைக்கின்றன? மேலட்டையிலேயே 'யார்' தெரிந்துவிடும். வானத்தின் நிறமும், மரமும், வீடும் 'எங்கே, எப்போது' என்பதைச் சொல்லும். கதைமாந்தரின் புருவமும் வாயும் சிக்கல் வந்ததைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையே என்ன மாறியது என்று பார்த்தால் நிகழ்ச்சிகள் கிடைக்கும். கடைசிப் படத்தை முதல் படத்தோடு ஒப்பிட்டால் முடிவு விளங்கும். வாசிக்கத் தெரியாத குழந்தையும் இவற்றைக் 'கண்டுபிடிக்க' முடிகிறது. பிறர் சொல்லக் கேட்டதை மறந்தாலும், தானே கண்டுபிடித்ததைக் குழந்தை மறப்பதில்லை.

வாசித்துக் காட்டும் முறை

வாசித்துக் காட்டுவது எளிய செயலே ஆயினும், அதற்கும் சில ஒழுங்குகள் உண்டு.

முதலாவது, அமரும் முறை. குழந்தைகளைப் பிறை நிலா வடிவில் தரையில் அமர்த்த வேண்டும். நூலை நம் முகத்துக்கு நேரே பிடிக்காமல், தோளுக்குப் பக்கத்தில், படம் அவர்களைப் பார்க்குமாறு பிடிக்க வேண்டும். வாசிப்பவர் பக்கவாட்டில் பார்த்துப் படிக்கப் பழக வேண்டும். ஆகவே வீட்டில் இரண்டு முறை முன்கூட்டியே படித்துக்கொண்டு வருவது அவசியம்.

இரண்டாவது, மேலட்டை. நூலின் பெயர், எழுதியவர், படம் வரைந்தவர் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, "இதில் யார் இருக்கிறார்கள்? என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். எந்த விடையையும் தவறு என்று தள்ளக்கூடாது. "பார்ப்போம்!" என்ற ஒரு சொல் போதும்.

மூன்றாவது, பக்கம் புரட்டும் முன் ஒரு சிறு நிறுத்தம். கதை எங்கே திரும்புகிறதோ அங்கே மட்டும் நிறுத்த வேண்டும். வகுப்பு அமைதியாகும், எல்லாக் கண்களும் நூலின் ஓரத்திலேயே இருக்கும்.

நான்காவது, ஒரே நூலை மூன்று முறை வாசித்தல். முதல் முறை கதையின் இன்பத்துக்காக. இரண்டாம் முறை விரல் கேள்விகளுக்காக. மூன்றாம் முறை நூலை மூடிவிட்டுக் குழந்தைகளே படங்களை நினைவிலிருந்து சொல்வதற்காக. "கேட்ட கதைதானே" என்று அவர்கள் சலிப்பதில்லை. மாறாக, "மறுபடியும் அதையே படிங்க" என்றுதான் கேட்கிறார்கள்.

இவையெல்லாம் வெறும் விளையாட்டல்ல என்பதற்குச் சான்று உண்டு. 1988இல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்னும் உளவியலறிஞரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வழக்கம் போலப் படநூலை வாசித்தார்கள். மற்றப் பிரிவினர் ஆம், இல்லை என்று முடிந்துவிடாத திறந்த கேள்விகளைக் கேட்டு, குழந்தையின் விடையைச் சற்று விரித்துச் சொல்லி வாசித்தார்கள். நான்கே வாரங்களில், இரண்டாம் பிரிவுக் குழந்தைகள் பேச்சில் வெளிப்படுத்தும் திறனில் ஆறு மாதம் முதல் எட்டரை மாதம் வரை முன்னேறியிருந்ததாகச் சோதனைகள் காட்டின. இரு பிரிவினரும் வாசித்தது படநூலைத்தான். குழந்தை கேட்பவளாக மட்டும் இருந்தாளா, சொல்பவளாகவும் இருந்தாளா என்பதே வேறுபாடு.

ஆறு தூங்கிய கதை

எங்களிடம் படநூல்கள் குறைவு. ஆகவே நாங்களே ஒன்று செய்தோம். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு ஆற்றைக் கடந்த கதையை எட்டு சார்ட் அட்டைகளில் கிரேயானால் வரைந்து, நூலால் கோத்தோம். அதை வாசித்த விதத்தை எடுத்துக்காட்டாகக் கூறுகிறேன்.

மேலட்டையில் குருவும் சீடர் ஐவரும் வரிசையாக நடந்து செல்கிறார்கள். "எத்தனை பேர்?" என்றேன். எல்லாரும் விரல் நீட்டி எண்ணி, "ஆறு!" என்றார்கள். இந்த எண்ணிக்கையை நன்றாகப் பதிய வைப்பது முக்கியம். ஏன் என்பது பின்னால் தெரியும்.

அடுத்த பக்கத்தில் ஆறு. ஆறு விழித்திருந்தால் ஆபத்து, தூங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்கிறார் குரு. சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். 'சுர்' என்று புகை எழுகிறது. அவன் அலறியடித்து ஓடுகிறான். இங்கே நிறுத்தி, "ஆறு என்ன செய்கிறது?" என்றேன். "முளிச்சிட்டு இருக்குதுங்க்கா!" என்றார்கள் சிலர். "இல்லீங்க்கா, நெருப்புத் தண்ணில பட்டா அப்படித்தான் சத்தம் வரும், எங்கூட்டு அடுப்புல பாத்திருக்கேன்" என்றாள் ஒருத்தி. கதைமாந்தர் நினைப்பது ஒன்று, உண்மை வேறொன்று என்னும் நுட்பத்தை அந்த ஆறு வயதுச் சிறுமி பிடித்துவிட்டாள்!

நான்காம் படத்தில் சூரியனைச் சற்றுக் கீழே இறக்கி வரைந்திருந்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. "பொழுதாயிருச்சு!" என்று அவர்களே சொன்னார்கள். ஆள்காட்டி விரலின் 'எப்போது' கிடைத்தது. இப்போது அணைந்துபோன அதே கட்டையைத் தண்ணீரில் வைக்கிறார்கள். சத்தமில்லை. ஆறு தூங்கிவிட்டது என்று மெல்ல மெல்ல நடந்து அக்கரை சேர்கிறார்கள்.

ஆறாம் படம்: ஒருவன் மற்றவர்களை எண்ணுகிறான். ஐந்து பேர்தான்! ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். வகுப்பு ஒரு நொடி திகைத்தது. சிலர் எழுந்து வந்து படத்தில் விரல் வைத்து எண்ணினார்கள். "ஆறு பேரும் இருக்காங்க! அவரு அவரையே எண்ணலீங்க்கா!" என்று ஒரே கூச்சல். மேலட்டையில் எண்ண வைத்ததன் பயன் இதுதான். சிக்கலை நான் விளக்கவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள்.

வழிப்போக்கன் ஒருவன் வந்து, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி கொடுத்து எண்ணச் செய்கிறான். தொலைந்தவர் கிடைத்துவிட்டார்! சுண்டுவிரல் மடங்கிற்று. "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று நீதி கேட்க நான் வாயெடுக்குமுன், அடுப்பைப் பற்றிச் சொன்ன அதே சிறுமி, "நம்மளையும் சேத்து எண்ணோணும்" என்றாள். இதைவிட நல்ல நீதியை நான் எந்த நூலிலிருந்து தேடித் தருவேன்?

எங்கள் பிழைகள்

பின்னால் வரும் தங்கையர்க்கு உதவும் என்பதால் எங்கள் பிழைகளையும் குறிப்பிடுகிறேன். ஒரு வாரம் நான் பக்கத்துக்கு நான்கு கேள்விகள் கேட்டேன். பாதியில் ஒரு குழந்தை, "கதை சொல்லுங்க்கா, பரீட்சை வேண்டாம்" என்று கண் கலங்கினாள். அன்று முதல் ஒரு கதைக்கு மூன்று நிறுத்தங்களுக்கு மேல் வைப்பதில்லை.

என் தோழி ஒருத்தி எல்லாக் கதைமாந்தருக்கும் ஒரே குரலில் வாசித்தாள். குழந்தைகளுக்கு யார் பேசுகிறார் என்று விளங்கவில்லை. இன்னொருத்தி சிங்கமாக உறுமி உறுமி வாசித்தாள்; முன்வரிசை பயந்து பின்வரிசைக்கு ஓடியது! நடுத்தரமான நடிப்பே போதும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, துடிப்பாக விடை சொல்பவர்களை மட்டுமே கேட்டது. பேசாத குழந்தை ஒருத்தி மூலையில் அமர்ந்திருப்பதை நாங்கள் வெகுநாள் கவனிக்கவில்லை. அவளைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன். அவளுடைய தாயின் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன், பெயரைக் குறிப்பிடவில்லை.

மடங்காத சுண்டுவிரல்

அவளுடைய தாய் தறி ஓட்டுபவர். இந்தச் சிறுமி நன்றாகப் படிப்பாள்; ஆனால் வாய் திறந்து பேசமாட்டாள். மதிய உணவு வேளையில் டப்பாவைத் திறந்து, இரண்டு வாய் உண்டு, மீதியை மூடி வைத்துவிடுவாள். "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டால் தலை குனிவாள். உணவை வீணாக்குகிறாள் என்றும், பிடிவாதக்காரி என்றும் நாங்கள் எண்ணினோம். அதட்டியும் பார்த்தோம், பயனில்லை.

எட்டாவது வாரம் என்று நினைக்கிறேன். கதை முடிந்ததும், "இன்று உங்கள் கதையை நீங்களே ஐந்து விரலில் சொல்லுங்கள். படம் வரைந்தும் சொல்லலாம்" என்றோம். குழந்தைகள் கிரேயானை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் அமர்ந்தார்கள். அவள் வரைந்த படத்தில் ஒரு வீடு, வாசற்படி, படியில் ஒரு சின்னப் பையன். அவன் கண்களிலிருந்து நீலக் கோடுகள் இறங்கின.

நான் பக்கத்தில் அமர்ந்து, அவள் பெருவிரலை மெல்லத் தொட்டு, "யாரு அம்மிணி?" என்றேன்.

"நானும் தம்பியும்."

"எங்கே? எப்போ?"

"எங்கூட்ல. பள்ளிக்கூடம் உட்டுப் போறப்போ."

"என்ன சிக்கல்?"

"அம்மா தறிக்குப் போயிரும். அம்மிச்சிதான் தம்பியப் பாக்குது. தம்பி அழுதுட்டே இருப்பான். அம்மிச்சி ஊட்டுனா திங்கமாட்டான்."

"நீ என்ன செய்தாய்?"

"என் டப்பாவுல இருந்து குடுத்தா திம்பான். அதனால மிச்சம் வெச்சுக்குவேன்."

சுண்டுவிரலைத் தொட்டேன். "எப்படி முடிந்தது?"

அவள் அந்த விரலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "இன்னும் முடியலீங்க்கா."

எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை மாதங்களாக 'பிடிவாதம்' என்று நாங்கள் பெயர் வைத்திருந்தது ஓர் அக்காளின் அன்பு! அவளிடம் சொல்வதற்குக் கதை இருந்தது. அதை எங்கே தொடங்கி எப்படி அடுக்குவது என்பதுதான் தெரியாமல் இருந்தது. "ஏன் சாப்பிடவில்லை?" என்னும் ஒற்றைக் கேள்வி ஆறு வயதுக் குழந்தைக்கு மிகப் பெரியது. அதையே ஐந்து சிறு கேள்விகளாக்கி, கையில் ஒரு படத்தையும் கொடுத்தபோது அவளால் விடை சொல்ல முடிந்தது.

வகுப்பு ஆசிரியையிடம் கூறினேன். அவர் மறுநாளே தாயை அழைத்துப் பேசினார். மகள் மதியம் பாதிப் பசியோடு இருப்பதே அந்தத் தாய்க்குத் தெரியாது. வீட்டில் உணவுக்குக் குறைவில்லை. அக்காள் கையால் தந்தால்தான் தம்பி உண்பான் என்பதுதான் செய்தி. தீர்வு மிக எளியது. மறு வாரம் அவள் பையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று அவளுக்கு, மற்றொன்று சாயங்காலம் தம்பிக்குத் தன் கையால் கொடுப்பதற்கு. அந்த வெள்ளிக்கிழமை அவள் தானாகவே என்னிடம் வந்து, இரண்டு டப்பாவையும் காட்டி, சுண்டுவிரலை மடக்கிவிட்டு ஓடிப்போனாள்.

கதையின் உறுப்புகளை ஏன் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்கு வேண்டியதில்லை. தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கு அது உதவலாம். ஆனால் மருத்துவரிடம் எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்று சொல்வதற்கும், ஆசிரியரிடம் நடந்ததை நடந்தபடி கூறுவதற்கும், அச்சம் வந்தபோது தாயிடம் மனம் திறப்பதற்கும் இதே ஐந்து விரல்கள்தான் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

"எங்களுக்கு நேரம் ஏது? படிப்பும் ஏது?" என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். படநூலுக்கு எழுத்தறிவு கட்டாயம் அன்று. படத்தைக் காட்டி "யாரு இது? என்ன பண்றாங்க? அப்புறம்?" என்று கேட்க முடிந்த எந்தத் தாயும், எந்த அம்மிச்சியும், எந்த அப்பாருவும் ஆசிரியரே. உடுக்கைப் பாட்டைக் கேட்டு வளர்ந்த நம் முதியோரிடம் கதைக்கா பஞ்சம்? இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் போதும்.

நூல்களும் இன்று எட்டாதவை அல்ல. 1957இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தைகளுக்கான படநூல்களைத் தமிழிலும் வெளியிட்டு வருகிறது. சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகமும், 2004இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் நிறுவனமும் பல அழகிய தமிழ்ப் படநூல்களைத் தந்துள்ளன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் ஏராளமான படக்கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தமிழ்நாடு அரசும் 2023இல் வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சிறுநூல்களை அரசுப் பள்ளிகளுக்கு வழங்கியது. இவை ஒன்றும் கையில் இல்லையா? பழைய நாட்காட்டியின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் இருந்தால், நாங்கள் செய்தது போல நீங்களே ஒரு படநூல் செய்யலாம்.

முடிவுரை

கதையின் உறுப்புகள் கரும்பலகையில் பிறப்பதில்லை. அவை படத்தைப் பார்க்கும் கண்ணிலும், பக்கம் புரட்டக் காத்திருக்கும் நெஞ்சிலும் பிறக்கின்றன. வாசித்துக் காட்டுபவர் செய்ய வேண்டியதெல்லாம் பொறுமையாக நிறுத்திக் கேட்பதும், கேட்டபின் காது கொடுப்பதும்தான்.

தோழியரே! வரும் ஆண்டில் நாங்கள் இந்தப் பள்ளியில் இருப்போமோ, வேறிடம் செல்வோமோ, அறியோம். நாங்கள் கோத்த எட்டு அட்டைகளும் முதல் வகுப்பு அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. ஓரம் சற்றுக் கிழிந்திருக்கும், ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அவற்றை எடுத்துக்கொண்டு தங்கைகளின் நடுவே அமருங்கள். துடிப்பாகப் பேசுபவளைக் கேளுங்கள். மூலையில் பேசாமல் இருப்பவளையும் மறவாமல் கேளுங்கள். எண்ணும்போது ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். அவள் சுண்டுவிரல் மடங்காமல் நிற்குமானால், அருகில் அமர்ந்து அன்போடு "அப்புறம்?" என்று கேளுங்கள்.

சிறுவரைத் தம்மிடம் வரவிடச் சொன்ன இயேசு ஆண்டவர், அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையை நம் அனைவருக்கும் அருள்வாராக!

- பத்தாம் வகுப்பு மாணவி, வெள்ளகோவில்